அண்ணன் கட்டிய தாலி

வகுப்புக்குப் போன வீரம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரமே திரும்பிவிட்டாள். பக்கத்து வரிசை வீட்டு வெரோனிகாவின் கார் வாசலில் நின்றது, கதவு படாரென்று சாத்தப்பட்டது, கார் உடனே கிளம்பிப் போய்விட்டது. அப்போதே அவள் புருசன் லூயிசுக்குச் சந்தேகம் தட்டியது. அந்தப் பொம்பளை லேசில் போகிற ஆள் இல்லை. உள்ளே வந்து, தண்ணி வாங்கிக் குடித்து, "அங்கிள் எப்ப கோயிலுக்கு வரப்போறாரு?" என்று ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் போவாள்.

"என்ன, பாடம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

வீரம்மா கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு ஞானஸ்நானம் கிடையாதாம்."

"ஏனாம்? கெழவிக்கு மண்டையில ஏறலையாமா?"

"அதெல்லாம் ஏறிருச்சு. உங்களாலதான் கிடையாதாம்."

லூயிஸ் டிவியை அணைத்தார். அவர் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். பீடோர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், தோட்டம் செம்பனையாக மாறிய பிறகு ஈப்போவுக்கு வந்து கல்லுமலையில் கல் ஏற்றுகிற லோரி ஓட்டியவர். குனோங் ராபாட்டில் இந்த வீட்டை வாங்கி உட்கார்ந்த பிறகு எந்தச் சாமியோடும் அவர் சகவாசம் வைத்துக்கொண்டதில்லை. யாரையும் அவ்வளவு சுலபத்தில் நம்பாத மனுசன். சாமிகளை நம்பினாலும் நம்பலாம், சாமிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை நம்பக்கூடாது என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சி உண்டானதற்கு ஒரு காரணம் இருந்தது. வீரம்மாவுக்கு முன்னால் அவருக்கு அகதா என்று ஒரு பெண்டாட்டி. தோட்டத்துக் கோயிலில், சாமியார் முன்னால், முறையாக மோதிரம் மாற்றித் தாலி கட்டிய கல்யாணம். "ஒன் வாயோட எவளும் குடும்பம் நடத்த முடியாது" என்று சொல்லிவிட்டு ஒருநாள் அகதா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பீடோரில் இருந்த அப்பன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. கோர்ட்டில் தீர்த்துக்கொண்டார்கள். பிறகு வீரம்மாவைக் கட்ட லூயிஸ் கோயிலில் போய்க் கேட்டபோது, அப்போதிருந்த கிழட்டுச் சாமியார் முடியாது என்றார். கோர்ட்டு அறுத்தாலும் கோயில் அறுக்காது என்றார். அப்படியானால் உங்கள் கோயிலே வேண்டாம் என்று லூயிஸ் வெளியே வந்தார்.

சும்மா வெளியே வரவில்லை. அந்த வருசம் தைப்பூசத்துக்கு மொட்டை போட்டு, புந்தோங்கிலிருந்து காவடி எடுத்தார். வழியில் இருந்த அந்தக் கோயில் வாசலில் உறுமி மேளக்காரர்களை நின்று அடிக்கச் சொல்லி, வெயிலில் தார் ரோட்டில் ஆடினார். சாமியார் கதவோரம் நின்று பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், உள்ளே போய்விட்டார். ஊரே பார்த்தது. ஒரு மனுசன் இதைவிட எப்படி விலக முடியும்? அதோடு கணக்குத் தீர்ந்தது என்று லூயிஸ் நினைத்திருந்தார். வீரம்மாவுக்கு அம்மன் கோயிலில் தாலி கட்டினார், ரெஜிஸ்டர் பண்ணினார், தினேஸ்வரி பிறந்தாள், வளர்ந்தாள், சிங்கப்பூரில் வேலைக்குப் போனாள். கோயிலும் அவரைத் தேடி வரவில்லை.

இப்போது வந்திருக்கிறது, வீரம்மா வழியாக.

வீரம்மாவின் அக்கா ராக்காயி படுத்த படுக்கையாகக் கிடந்தது கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லத்தில். பெற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பினார்கள். அங்கிருந்த சிஸ்டர்மார் ராக்காயியின் முதுகுப் புண்ணைக் கையால் கழுவி, துடைத்து, தூங்கவைத்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்த வீரம்மா, அக்கா செத்து, எடுத்து அடக்கிய பிறகும் அந்தக் கைகளை மறக்கவில்லை. வெரோனிகாவோடு கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். லூயிஸ் கத்தினார், கிண்டல் பண்ணினார், கடைசியில் சும்மா இருந்துவிட்டார். அவள் அத்தனை சந்தோசமாக ஒரு விசயத்துக்குச் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பி அவர் பார்த்ததில்லை.

"எனக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?" என்றார்.

"உங்களுக்கு அகதாதான் பொண்டாட்டியாம். நான் கூட இருக்கிறது சும்மா இருக்கிறதாம்." அவள் குரல் உடைந்தது. "இந்த வயசுல, ஃபாதர் வாயால இதக் கேக்கணுமா நான்?"

மறுநாள் காலையில் லூயிஸ் சட்டையை மாற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கோயிலுக்கு விட்டார்.

ஃபாதர் கோலின் தினேஸ்வரியைவிடச் சின்ன வயசு. காலில் ஓடுகிறவர்கள் போடுகிற சப்பாத்து. ஏர்கோன் அறையில் உட்காரவைத்து, கோப்பி வேண்டுமா என்று கேட்டார். இப்படி மரியாதை கொடுக்கிறவனிடம்தான் உஷாராக இருக்க வேண்டும் என்று லூயிஸ் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்தார்.

"கோப்பி எல்லாம் வேணாம். நான் உங்க ஆளு இல்ல ஃபாதர். விலகி எவ்வளவோ காலமாச்சு."

"தெரியும் அங்கிள். ஆண்டி சொன்னாங்க. காவடி எடுத்தீங்களாமே."

"எடுத்தேன். உங்க கோயில் வாசல்லயே ஆடுனேன். அப்ப இருந்த சாமியார் கண்ணால பார்த்தாரு."

"அது பாவம்னு சொல்லலாம் அங்கிள். விலகல்னு சொல்ல முடியாது."

"இதென்னாலா பேச்சு? சூதாட்டக் கிளப்புல கூட வேணாம்னு சொன்னா விட்டுருவான்."

ஃபாதர் சிரித்தார். லூயிஸ் சிரிக்கவில்லை.

"ஞானஸ்நானம் வாங்குனது வாங்குனதுதான் அங்கிள். அத அழிக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

"நான் எங்க வாங்குனேன்? பொறந்த சூடு ஆறல, எங்கம்மா தூக்கிட்டுப் போயிக் குடுத்துட்டா. சரி, இப்ப எழுதியே தர்றேன். லூயிசுக்கும் உங்க கோயிலுக்கும் ஒண்ணும் கிடையாதுன்னு. கையெழுத்தே போடுவேன், கைநாட்டு இல்ல."

"எழுதிக் கொடுத்து விலகுறவங்களுக்குன்னு ஒரு காலத்துல ஒரு சலுகை இருந்துச்சு. அதுக்கப்புறம் வெளிய கல்யாணம் பண்ணுனா அதுக்குச் சட்டம் தடை சொல்லாது. ரோமாபுரியில அதையும் எடுத்துட்டாங்க. இருந்திருந்தாலும் உங்களுக்கு உதவாது அங்கிள். மொத கல்யாணம் கோயில்லதானே நடந்துச்சு? அது நிக்கிது. அது நிக்கிற வரைக்கும் ஆண்டிக்கு நான் தண்ணி ஊத்த முடியாது."

"அப்ப எது போனா அது விழும்?"

ஃபாதர் மேசையைப் பார்த்தார். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இறந்தா."

"சரி. அகதா சாகணும்னு இங்கயே ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போறேன்."

"அங்கிள்!"

"பின்ன என்னா? வேற வழி சொல்லுங்க."

ஃபாதர் ஒரு வழி சொன்னார். கோயிலுக்கென்று ஒரு விசாரணை இருக்கிறது. அந்த முதல் கல்யாணம் ஆரம்பத்திலேயே கல்யாணம் இல்லை என்று அங்கே நிரூபித்தால் லூயிசின் கட்டு அவிழும். அதற்காகச் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். லூயிஸ் கேளுங்கள் என்றார்.

"உங்கள யாராவது கட்டாயப்படுத்திக் கட்டி வச்சாங்களா?"

"என்னையவா? நான்தான் சைக்கிள்ல பீடோருக்கும் தோட்டத்துக்கும் அலைஞ்சு, அவ அப்பன் கால்ல விழுந்து கட்டுனேன்."

"புள்ள வேணாம்னு யாராவது நெனச்சிருந்தீங்களா?"

"புள்ள வேணும்னு ரெண்டு பேரும் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகிட்டோம். தங்கல."

"ஒருத்தருக்கொருத்தர் ஏதாவது ஒளிச்சிருந்தீங்களா? நோய், வேற தொடர்பு..."

"தோட்டத்து லயத்துல எத ஒளிக்கிறது? ஒரு வீட்டுல தும்முனா ஆறு வீட்டுல கேக்கும்."

ஃபாதர் பேனாவைக் கீழே வைத்தார். உண்மையாகவே வருத்தப்படுகிற முகம்.

"நீங்க சொல்றதப் பார்த்தா அங்கிள், அது நல்ல கல்யாணம்தான்."

"நல்ல கல்யாணமா? அவ டிரங்குப் பெட்டியத் தூக்கிக்கிட்டு நடந்தத நீங்க பாக்கலல்ல!"

வீட்டுக்கு வரும்வரை லூயிசுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அங்கே வந்து உட்கார்ந்திருந்து, நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்ட வெரோனிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அங்கிள், அங்கிள்! கேட்டா அப்படியேவா ஒப்பிச்சிட்டு வருவீங்க? கால்ல விழுந்தேன், மாதாவுக்கு நேர்ந்தேன்னு... உங்க கேஸ நீங்களே ஊத்தி மூடிட்டீங்க." அவள் வீரம்மா சமையலறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த அகதா ஆண்டி உசுரோடதானே இருக்காங்க? அவங்க வந்து, 'எனக்கு இஷ்டமில்ல, எங்கப்பா அடிச்சுத்தான் கட்டி வச்சாரு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

"பொய் சொல்லச் சொல்ற. அதுவும் கோயில்ல."

"நான் எதுவும் சொல்லல."

லூயிசுக்கு அவளைப் பிடிக்காது. அவள் சொன்னதை மட்டும் மண்டையிலிருந்து இறக்க முடியவில்லை. அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் வீரம்மா சமைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிறகு பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டருக்கு அவளோடு படிக்கிற மற்ற எல்லாருக்கும் வெள்ளைத் துணி தைக்கக் கொடுத்துவிட்டார்களாம். சண்டை போட்டிருந்தால் லூயிஸ் ஜெயித்திருப்பார். சுவரைப் பார்க்கிறவளிடம் எப்படி ஜெயிப்பது?

ஞாயிற்றுக்கிழமை, கூட்டாளி சீனியோடு மீன் பிடிக்கப் போகிறேன் என்று வீரம்மாவிடம் சொல்லிவிட்டு, மோட்டாரைப் பீடோருக்கு விட்டார்.

அகதா தம்பி மகன் வீட்டில் இருந்தாள். வாசலில் "இயேசுவே ஜெயம்" என்று ஒட்டியிருந்தது. முடி முழுக்க வெளுத்து, காது கழுத்தில் ஒன்றுமில்லாமல், வெள்ளைச் சட்டையும் கைலியுமாக வந்து நின்றவளை அவர் முதலில் அவளுடைய அம்மா என்றே நினைத்தார். அம்மா செத்து எத்தனையோ காலம்.

"வாய்யா. இன்னும் உசுரோட இருக்கியா?" என்றாள். குரல் மாறவே இல்லை.

தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். பிஸ்கட் வைத்தாள். லூயிஸ் சுற்றி வளைக்கத் தெரியாதவர். எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். ஃபாதர் சொன்னது, வீரம்மா சுவரைப் பார்ப்பது, எல்லாம். அகதா கேட்டுக்கொண்டே பிஸ்கட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் முடித்ததும் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"நான் அந்தக் கோயில விட்டு எப்பவோ வந்துட்டேன்யா. இப்ப அசெம்பிளி சபைக்குப் போறேன். ஆத்துல முழுகி ஞானஸ்நானம் எடுத்தேன்."

"நீயுமா?"

"நானுந்தான். நீயும் வெளிய, நானும் வெளிய. கல்யாணத்த மட்டும் உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டாங்களா?"

லூயிசுக்கும் சிரிப்பு வந்தது. அத்தனை வருசத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே விசயத்துக்குச் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் அவர் கேட்க வந்ததைக் கேட்டார். ஒருமுறை ஈப்போவுக்கு வர வேண்டும். அப்பன் அடித்துக் கட்டிவைத்தான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அகதாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

"எங்கப்பனா? எங்கப்பன் ஒன்ன வேணாம்னுதான்யா சொன்னான். வாய் நீளம், உருப்பட மாட்டான்னான். நான்தான் சோறு தண்ணி இல்லாம கெடந்து, கட்டுனா அவனத்தான் கட்டுவேன்னு நின்னேன். நீ கால்ல விழுந்து அவன் மசிஞ்சான்னா நெனச்ச? எம் பட்டினிக்கு மசிஞ்சான்."

லூயிஸ் தே கிண்ணத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதே."

"ஒனக்கு என்னா தெரியும்? நீ பேச்ச நிறுத்துனாத்தான அடுத்தவ சொல்லுவா."

"சரி, அது போயிருச்சு. இப்ப ஒரு வார்த்தை..."

"மாட்டேன்யா. அந்தக் கோயில் விசாரணைக்கெல்லாம் நான் போயி நிக்க மாட்டேன், அவனுக யாரு என்னைக் கேக்க? இன்னொண்ணு, கர்த்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு. எனக்கு இஷ்டமில்லாம ஒன்னக் கட்டுனேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். என் வாழ்க்கையில நான் இஷ்டப்பட்டுச் செஞ்சது அது ஒண்ணுதான். கெட்டுப் போச்சு, அது வேற."

லூயிசுக்குக் கோபப்பட வேண்டும் போலிருந்தது. எங்கே பிடித்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை. எழுந்து ஹெல்மட்டை எடுத்தார்.

"அவ நல்லவளா?" என்று கேட்டாள் அகதா.

"யாரு?"

"ஒம் பொண்டாட்டி."

"நல்லவதான். என் வாயப் பொறுத்துக்கிட்டு இருக்காளே."

"அப்ப அவளுக்காகப் பிரேயர் பண்ணுறேன்."

"பிரேயர் வேணாம். ஒரு வார்த்தை போதும்."

"அந்த வார்த்தை எங்கிட்ட இல்லய்யா. போ, மழை வருது."

தாப்பா ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து விறைத்து வீட்டுக்கு வந்தபோது, ஹாலில் வெரோனிகாவும் வீரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். வீரம்மாவின் முகத்தில் வெளிச்சம்.

"எங்க மீனு?" என்றாள். அவர் பதில் சொல்லும் முன்பே, "வழி இருக்காம்!" என்றாள்.

வழியை வெரோனிகா விளக்கினாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். பிரிந்து போக வேண்டியதில்லை. சேர்ந்து சாப்பிடலாம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் புருசன் பெண்டாட்டியாக இல்லாமல் அண்ணன் தங்கச்சியாக இருப்போம் என்று இருவரும் ஃபாதரிடம் வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஈஸ்டருக்கு வீரம்மாவுக்கு ஞானஸ்நானம்.

லூயிஸ் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டை நிறுத்தினார்.

"அண்ணன் தங்கச்சியா?"

"ஆமா அங்கிள்."

"அப்ப தினேஸ்வரி யாரு எனக்கு? தங்கச்சி மகள்னா எனக்கு மருமக முறையாகுதே. எம் பொண்ணு எனக்கே மருமகளா? இத எந்த வெள்ளைக்காரன் எழுதுனான்?"

"ஐயோ அங்கிள், அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. நீங்க... அந்த மாதிரி இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்." வெரோனிகா தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பிப் போனாள்.

"நாம எப்படியும் தனித்தனியாத்தான படுக்கிறோம்," என்றாள் வீரம்மா. "நீங்க விடுற கொறட்டையில நான் ஹாலுக்கு வந்து எவ்வளவு காலமாச்சு."

"அது கொறட்டைக்காக. இது சட்டத்துக்காக."

"ரெண்டும் ஒண்ணுதான."

"ஒண்ணு இல்லடி."

எப்படி ஒன்றில்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஹாலில் படுத்திருக்கிறவள் தன் பெண்டாட்டி என்று தெரிந்துகொண்டு குறட்டை விடுவது வேறு. அதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் படிக்கவில்லை.

"அக்கா முதுக அந்த சிஸ்டர் கழுவுனப்ப நீங்க பாக்கல," என்றாள் வீரம்மா மெதுவாக. "நான் பார்த்தேன். நானும் ஒரு நாள் அப்படிக் கெடப்பேன். அதுக்கு முந்தி அவங்க ஆளா ஆயிறணும்னு நெனைக்கிறேன். உங்ககிட்ட நான் வேற எதுவுமே கேட்டதில்ல. இத மறிக்காதீங்க."

அது உண்மை. அவள் எதுவும் கேட்டதில்லை.

அந்த வாரமே ஃபாதர் கோலினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். வீரம்மா முதலில் வாக்குக் கொடுத்தாள். லூயிஸ் முறை வந்ததும், "நான்தான் உங்க ஆளே இல்லையே. என் வாக்கு உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார்.

"வீட்டுல ஒருத்தர் மட்டும் வாக்குக் கொடுத்து எப்படி அங்கிள் நிக்கும்?"

"போகணும்னா விட மாட்டேங்குறீங்க. கூட இருக்கணும்னா இப்படி இருன்னு சொல்றீங்க. சரி. குடுத்தேன். எழுதிக்கோங்க."

"எழுத வேணாம். வெளிய யாருக்கும் இது தெரியவும் வேணாம். ஊரைப் பொறுத்தவரைக்கும் நீங்க புருசன் பொண்டாட்டிதான்," என்றார் ஃபாதர். நல்லது செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

அன்று சாயங்காலம் வீரம்மா குளித்துவிட்டு வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. மூடிய கையை அவர் முன்னால் நீட்டி, அவர் உள்ளங்கையில் எதையோ வைத்தாள். சூடாக இருந்தது. தாலிக்கொடி.

லூயிஸ் துள்ளி எழுந்தார். "ஏய், நான் இன்னும் சாகல!"

"சத்தம் போடாதீங்க."

"எவன் சொன்னான் இதக் கழட்ட? அந்தச் சாமியார் சொன்னானா?"

"யாரும் சொல்லல. அண்ணன் கட்டுன தாலிய எவளாச்சும் கழுத்துல போட்டுக்கிட்டு இருப்பாளா?"

லூயிஸ் அப்போதே போனை எடுத்து ஃபாதரை அழைத்தார். தமிழில் ஆரம்பித்து மலாயில் திட்டி மறுபடி தமிழுக்கு வந்தார். ஃபாதர் பதறிவிட்டார். போனை ஆண்டியிடம் கொடுங்கள் என்றார். "ஆண்டி, தயவுசெஞ்சு போட்டுக்கோங்க. நாங்க அதக் கேக்கவே இல்ல. எங்க சட்டத்துல அது கிடையாது" என்று அவர் கெஞ்சியது லூயிசுக்கும் கேட்டது.

"உங்க சட்டத்துல இல்ல ஃபாதர்," என்றாள் வீரம்மா, சின்னப் பிள்ளைக்கு விளங்க வைக்கிற மாதிரி. "எங்க முறையில இருக்குல்ல. அண்ணன்னு வாக்குக் குடுத்துட்டு நான் எப்படிப் போட்டுக்க?"

வெரோனிகா வந்து சொல்லிப் பார்த்தாள். சிலுவை போட்ட தாலி வாங்கித் தருகிறேன் என்றாள். வீரம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவள் ஒன்றை ஏற்றுக்கொண்டால் அரைகுறையாக ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லை, கச்சாங் பூத்தே கடலை பொரித்து விற்ற காலத்திலும் ஒரு கருகிய கடலை அவள் கையால் பொட்டலத்துக்குள் போனதில்லை.

இரண்டு நாளில் சீனி கோப்பிக் கடைக்கு ஓடி வந்தான். பால் விடாத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்த லூயிசைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தான்.

"அண்ணே! உசுரோடதான் இருக்கீங்களா? மார்க்கெட்டுல அக்காவப் பார்த்தேன், கழுத்து மூளி, நெத்தி மூளி. எனக்குச் சொல்லாம எடுத்துட்டாங்களேன்னு அழுதுகிட்டே வாரேன்ணே!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொடி அறுந்துருச்சு. ஆசாரிகிட்டக் குடுத்திருக்கு," என்றார் லூயிஸ்.

தாலி விசயத்தில் அது அவர் சொன்ன முதல் பொய். அதற்குப் பிறகு தினமும் யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தது. ரொட்டி கொண்டுவருகிறவனுக்குச் சொன்னார். எதிர்வீட்டுச் சீனத்திக்குச் சொன்னார். தினேஸ்வரி வீடியோவில் கூப்பிட்டு, "அப்பா, அம்மா கழுத்து ஏன் வெறுமனே இருக்கு? உங்களுக்குள்ள சண்டையா?" என்று கேட்டபோது அதையேதான் சொன்னார். மகள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருடைய மகள் அல்லவா.

வீட்டுக்குள் பொய் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அண்ணே, சோறு போட்டிருக்கு," என்று சமையலறையிலிருந்து குரல் வரும். முதல் நாள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர் வாசலைப் பார்த்தார்.

"அப்படிக் கூப்பிடாத."

"பின்ன எப்படிக் கூப்பிட?"

"முன்ன எப்படிக் கூப்பிட்ட?"

"ஏங்கன்னு கூப்பிட்டேன். அது புருசனக் கூப்பிடுறது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டும் சொல்லவில்லை. மீனை முள் எடுத்து அவர் தட்டில் வைத்தாள். முன்னைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டாள். மருந்தை எடுத்துக் கொடுத்தாள், முதுகுக்குத் தைலம் மட்டும் தேய்த்துவிடவில்லை, பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். கைக்கு எட்டாத இடத்தில் லூயிஸ் தானே தேய்க்கப் பார்த்து, சட்டையெல்லாம் எண்ணெயாக்கினார். யாரிடம் போய்ச் சொல்வது? காவடி எடுத்து விலகினார், விட மாட்டோம் என்றார்கள். வீரம்மா இன்னும் உள்ளே போகவே இல்லை, அதற்குள் அவர்கள் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தைய நாள் சாயங்காலம் வெரோனிகா வந்து அவளைக் கூட்டிப் போனாள். நான் வர மாட்டேன் என்று லூயிஸ் முதலிலேயே சொல்லியிருந்தார். கார் போன பிறகு டிவியைப் போட்டார், அணைத்தார். வீரம்மா குடையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. குடையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று மோட்டாரை எடுத்தார்.

கோயில் முற்றத்தில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். கூட்டம் கையில் மெழுகுவத்தியோடு நின்றது. வாசலில் தோளில் தொண்டர் பட்டை மாட்டிக்கொண்டு ஒரு பெண் எல்லாரையும் இடம் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். சட்டையில் ஷெரில் என்று எழுதியிருந்தது.

"வாங்க அங்கிள். ஞானஸ்நானம் வாங்குறவங்க குடும்பத்துக்கு முன்னால எடம் போட்டிருக்கு. நீங்க யாரோட குடும்பம்?"

"வீரம்மா."

"ஓ, வீரம்மா ஆண்டி! அவங்களுக்கு நீங்க என்ன முறை வேணும்?"

லூயிஸ் வாயைத் திறந்தார். வாழ்நாள் முழுக்க அந்த வாய் அவரைக் கைவிட்டதில்லை. புருசன் என்று சொன்னால் ஊருக்குச் சரி. உள்ளே மெழுகுவத்தியோடு காத்திருக்கிறவள் காதில் விழுந்தால், அண்ணன் வாக்கை மாற்றிவிட்டார் என்று துடித்துப்போவாள். அண்ணன் என்று சொல்ல நாக்கு புரளவில்லை. யாரோ என்று சொல்லவும் மனசு வரவில்லை. பின்னால் வரிசை நின்றது. ஒரு கிழவி அவர் முதுகைக் குடையால் தள்ளினாள்.

"முடிஞ்சதும் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்," என்றார்.

"அப்ப பின்னால நின்னுக்குங்க அங்கிள்," என்று அந்தப் பெண் ஒரு மெழுகுவத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

அவர் பின்வரிசைத் தூணோரம் நின்றார். முன்னால் நடப்பது எதுவும் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. மைக்கில் பெயர்கள் வந்தன. "வீரம்மா மார்த்தா" என்று ஃபாதர் கோலின் கூப்பிட்டார். அவள் விசுவசிக்கிறேன், விசுவசிக்கிறேன் என்று கேட்டதற்கெல்லாம் சத்தமாகப் பதில் சொன்னாள். தண்ணீர் விழுகிற சத்தமும் மைக்கில் கேட்டது. பக்கத்தில் நின்ற யாரோ அவர் திரியைப் பற்றவைத்தார்கள்.

பிறகு ஃபாதர் கூட்டத்தைப் பார்த்து அதே கேள்விகளைக் கேட்டார். முன்னமே ஞானஸ்நானம் வாங்கியவர்கள் எல்லாரும் மறுபடி சொல்ல வேண்டுமாம். கோயில் முழுக்க விசுவசிக்கிறேன் என்றது. லூயிஸ் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். அதன் பிறகு ஃபாதர் தண்ணீர்ச் சட்டியோடு இறங்கி, நடுப்பாதையில் இருபக்கமும் தெளித்துக்கொண்டே வந்தார். தூண்வரைக்கும் வரமாட்டார் என்று லூயிஸ் நினைத்தார். வந்தார். அவரைப் பார்த்தாரோ இல்லையோ, கையை ஓங்கி வீசினார். குளிர்ந்த தண்ணீர் லூயிசின் நெற்றியிலும் கண்ணாடியிலும் விழுந்தது. ஒரு கையில் மெழுகுவத்தி, மறுகையில் குடை. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

பூசை முடிந்து வீரம்மா வெளியே வந்தாள். வெள்ளைத் துணி, ஈரத் தலை. சிஸ்டர்மார் இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அவள் அழுதாள், சிரித்தாள். அப்படி ஒரு முகத்தை லூயிஸ் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அவரைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"வந்தீங்களாண்ணே!"

"குடைய விட்டுட்டுப் போயிட்ட."

வெரோனிகா காருக்குக் கூப்பிட்டாள். வீரம்மா இவரோடு போகிறேன் என்றாள். மழை இன்னும் தூறலாகத்தான் இருந்தது. லூயிஸ் மோட்டாரைக் கிளப்பினார். வீரம்மா ஏறி உட்கார்ந்தாள். ஏறியதும் எப்போதும் அவர் தோளில் கை போடுவாள், அவர் கியரை மாற்றுவார். அவர் காத்திருந்தார். அவள் பின்னால் கையைக் கொண்டுபோய் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போலாம்," என்றாள்.

ரோடு நனைந்திருந்தது. தங்கச்சி கீழே விழுந்துவிடக்கூடாது என்று அவர் மெதுவாக ஓட்டினார்.